பொன்னேரிக்கு அனுப்பிய எச்சம்

எனக்குத் தெரியாதது என்று ஒன்றும் கிடையாது. இதை நானே சொல்லக்கூடாதுதான். வேறு யாரும் சொல்லவில்லையே, என்ன செய்ய? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், கூலிக்கு நாற்று நட்டவன், இன்று ஆரணிப் பக்கம் சொந்தக் கழனி, டிராக்டர், புதுவாயலில் மாடி வீடு என்று நிமிர்ந்து நிற்கிறேன்! அப்படிப்பட்ட என்னையே ஒரு சொல் கவிழ்த்துவிட்டது. அதுவும் என் மகள் கவிதாவின் கல்யாண விஷயத்தில்.

பையன் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் அவளோடு வேலை பார்ப்பவன். இருவருக்கும் பிடித்துப்போய்விட்டது. பையனின் அப்பா, பொன்னேரியில் தமிழ் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று கவிதா கெஞ்சினாள்.

"நைனா, அவரு படிச்சவரு. நீ தலைய மட்டும் ஆட்டிக்கினு இரு, போதும்."

(ஆட்டினேன். காபி வரும் வரைக்கும்.)

வாத்தியார் ஆரம்பித்தார். "உழவு சம்பந்தமா சேகரிச்சிக்கினு வர்றேன் சார். பேரு, வினை எல்லாம் கெடைச்சுது. எச்சம்தான் கொறச்சலா இருக்கு. உங்க கழனிப் பக்கம் கெடைக்குமா?"

அடடா! அறுப்பு முடிந்த கழனியில் வாத்து மேய விடுகிறவன் நான். எச்சத்துக்கா பஞ்சம்? (மனுஷன் தோட்டம் போடுகிறார் போல என்று நினைத்தேன்.)

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க! எங்க எச்சம் மாதிரி சுத்துவட்டாரத்துலயே கெடையாது. ஊடு பாக்க வரும்போது கையோட கொண்டாரேன்!"

அவர் முகம் மலர்ந்தது. எருவுக்கு இப்படிப் பூரித்தவரை நான் பார்த்ததே இல்லை!

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். முன்னால் பட்டுப்புடவைகளோடு கார். பின்னால் டிராக்டர் டிரெய்லர் நிறைய வாத்து எச்சம். டிரைவர் வாசலில் நிறுத்தினான். டிரெய்லரைத் தூக்கினான். கோலத்தின் மேலேயே மொத்தமும் சரிந்தது.

வாத்தியார் சம்சாரம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். "இன்னாங்க இது?"

"எச்சம்மா! சார் ஆசையா கேட்டாரு."

வாத்தியார் வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "சார்... நான் கேட்டது பெயரெச்சம், வினையெச்சம்..."

"அதெல்லாம் எந்தப் பறவை சார் போடுது?"

அவ்வளவுதான். அந்தம்மா மகன் பக்கம் திரும்பினார். "டேய், இந்தச் சம்பந்தமே வேணாம். உள்ள வா!"

கவிதாவின் கண்ணில் தண்ணீர். டிராக்டரில் கிடந்த மண்வெட்டியை எடுத்தேன். வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"கோச்சுக்காதம்மா. பொண்ணு மேல இன்னா தப்பு? கொட்டின எச்சத்த நானே வாரிப் போட்டுட்டுப் போறேன்."

"சார்! இன்னொரு தபா சொல்லுங்க!" என்று கத்தினார் வாத்தியார். சொன்னேன். மனுஷன் குதித்தார். "கொட்டின, பெயரெச்சம்! வாரி, வினையெச்சம்! போறேன், வினைமுற்று!"

(முற்றியது அவருக்குத்தான் என்று நினைத்தேன்.)

"ஒரே பேச்சுல எல்லாத்தையும் குடுத்துட்டாருடி! இந்தச் சம்பந்திய நான் விடமாட்டேன்!"

அந்தம்மா வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மொதல்ல வாரட்டும். அப்பறம் தட்டு மாத்தலாம்."

வாரினேன்! மாப்பிள்ளையும் பேண்ட்டை மடித்துவிட்டுக் கூட வாரினார். புறக்கடையில் அவர்கள் முருங்கை காய்த்த காய்ப்பு இருக்கிறதே, அதற்கும் நான்தான் காரணம்.

இன்றும் நான் பொன்னேரி போனால், சம்பந்தியம்மா "வாங்க" என்று சொல்வதற்கு முன்னால் என் வண்டிக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார். "வெறுங்கையோடதான வந்தீங்க?"

வெறுங்கையோடு போனால் சந்தோஷப்படுகிற சம்பந்தி வீடு, இந்த ஜில்லாவிலேயே எனக்கு மட்டும்தான்!