நாலு முதல் ஓட்டு

பரிசளிப்பு விழா மேடைக்குப் பின்னால், சீட்டுகள் கடற்காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு பந்தை வைத்துக்கொண்டு ஜெபக்குமார் ஒவ்வொன்றாகப் பிரித்தார். பேஸ்பால் லீக்கின் சிறந்த புதுமுகம் யார் என்று ஐந்து கேப்டன்கள் எழுதிக் கொடுத்த ஓட்டு அது. முதலிடத்துக்கு ஐந்து புள்ளி, இரண்டாமிடத்துக்கு மூன்று, மூன்றாமிடத்துக்கு ஒன்று. ஐந்து பேருமே முதலிடத்தில் சொந்த டீம் ஆளை எழுதியிருந்தார்கள்.

லீக் செயலாளரான அவருக்கு ஓட்டு கிடையாது. கவலை மட்டும் உண்டு. மாமல்லபுரம் டீமில் ஆடும் எபி, அவர் மனைவி ரூத்தின் தம்பி.

காலையிலேயே ரூத் சொல்லி அனுப்பியிருந்தாள். "ஜாய்ஸோட அப்பா ஃபங்ஷனுக்கு வர்றாரு. எபி கப்பு வாங்கறத கண்ணால பாத்தாதான் பொண்ணு குடுப்பாரு. கோட்ட வுட்டுட்டு வூட்டுப் பக்கம் வந்துடாத."

"சொந்த டீம் ஆளுக்குப் போடக்கூடாது, மறுபடி எழுதுங்கப்பா," என்றார் ஜெபக்குமார்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது சண்டை.

"அச்சரப்பாக்கத்து அப்பாசாமி புதுமுகமா? பத்து வருசமா சாஃப்ட்பால் ஆடிகினு கீறான், ரெண்டு புள்ளைக்கு அப்பன்!" என்றான் மாமல்லபுரம் கேப்டன்.

"உங்க எபி மட்டும் இன்னா? மூணே மேட்ச் ஆடிட்டு வெரல்ல கட்டு போட்டுகினு குந்திக்கினான்!"

"மூணுலயும் அவன் அடிச்ச அடிய பாத்தியா நீ?"

ஒருவழியாக எழுதினார்கள். எழுதும்போது ஒவ்வொரு கேப்டனுக்கும் ஒரே யோசனை. நன்றாக ஆடுபவனுக்கு முதலிடம் கொடுத்தால் நம்ம பையன் காலி. ஜெயிக்கவே முடியாத ஒருத்தனுக்குப் போட்டுவிட்டால் வம்பில்லை.

நாலு சீட்டில் முதலிடம்: பெஞ்சமின், கருங்குழி. மொத்தம் இருபது புள்ளி. அடுத்து எபி, பதினான்கு.

கருங்குழி கேப்டன் வெங்கடேசன் பதறிப்போனான். "அண்ணாத்த, அவன் எங்க வேன் டிரைவர்! ஆளு பத்தலன்னு ஒன்பதாவதா பேரு சேத்தோம். ஒரு பந்தக்கூட பேட்டால தொட்டதில்ல!"

"கொறஞ்சது பத்து தபா பேட் புடிச்சவனுக்குத்தான் அவார்டு. ரூல் கீது," என்றார் ஜெபக்குமார். அந்த ரூல் பிறந்து அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஸ்கோர் எழுதும் கவியா நோட்டைப் புரட்டினாள். "பெஞ்சமின் இருவத்தோரு தபா சார். இருவத்தொண்ணும் அவுட்டு." அடுத்த பக்கத்துக்குப் போனாள். "எபிதான் எட்டு தபா. எபி பேர அடிச்சிடவா?"

"ஐயோ, ரூலே வாணாம், வுடும்மா!"

அதற்குள் படூர் கேப்டன் ஆதித்யா மேடையேறி மைக்கைப் பிடித்துவிட்டான். தன் ஆள் தோற்றாலும் எபி ஜெயிக்கவில்லையே என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். "எதிர் டீம் கேப்டன்கள் நாலு பேரோட முதல் ஓட்டும் வாங்கினவர், பெஞ்சமின்!"

விரலில் வேன் சாவி தொங்க, பெஞ்சமின் மேடையேறிக் கப்பை வாங்கினான். எல்லோரையும் கும்பிட்டுவிட்டு, "வண்டிய எடுக்கட்டா?" என்று கேட்டான்.

ஜாய்ஸின் அப்பா நேராக ஜெபக்குமாரிடம் வந்தார். ஜெபக்குமார் முந்திக்கொண்டார். "சார், எபி நல்லாதான் ஆடுவான். வெரல்ல அடி, அதான்..."

"அத்த வுடுங்க. மோதற டீமு நாலும் ஒரே மனசா ஒருத்தனுக்கு ஓட்டு போட்டுகீதுன்னா, எவ்ளோ தங்கமான புள்ளையா இருக்கணும்!" அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தத் தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"