தாம்பாளத்தில் போன திருத்தம்

காரைக்குடியில் தப்பே செய்யாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். தப்பு நடந்துவிட்டது என்று ஊர் முழுக்கத் தேடிப் போய்ச் சொன்னவர், எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய கம்பெனிக் காகிதங்களில் மட்டும் இருந்தது. ஊரில் அவர் பெயர் 'திருத்தம்'.

பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தியவர், அதை விற்றுவிட்டு வந்து, ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் உள்ளூர்ச் செய்திகளுக்கென்று ஓர் ஆப் ஆரம்பித்தார். அச்சுப் பத்திரிகையில் இருபது வருஷம் குப்பை கொட்டிய என்னைச் செய்தி ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நான் அவரை 'சார்' என்பேன். அவர் என்னை 'அண்ணே' என்பார்.

முதல் நாளே தொழில் ரகசியத்தைச் சொன்னார். "அண்ணே, எல்லாரும் முதல்ல போடணும்னு ஓடுறாக. நமக்கு அது வேணாம். ஊர்ல ஒரு சத்தம் கேட்டா, சனங்க நாலு குரூப்புல பார்ப்பாக. கடைசியா, இது நிசந்தானான்னு நம்மகிட்ட வந்து பார்க்கணும். அந்தக் கடைசி இடந்தான் நம்ம தொழில்."

கடைசியாக வருவதற்கு ஒரு கம்பெனியா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

மற்ற ஆப்களில் தப்பு வந்தால் சத்தமில்லாமல் அழித்துவிடுவார்கள். இவர் அழிக்க விடமாட்டார். தப்பின் மேல் ஒரு கோடு போட்டு அப்படியே வைத்திருப்பார். அதை யார் யார் போனில் திறந்தார்களோ, அத்தனை போன்களுக்கும் திருத்தம் தானாகப் போகிற மாதிரி ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். அரியக்குடி கோயிலில் புறப்பாடு ஆறு மணிக்கு என்று போட்டு, ஆறரைக்கு நடந்தால்கூடத் திருத்தம் போகும். நாளாவட்டத்தில் செய்தியைவிடத் திருத்தத்துக்கு வாசகர்கள் கூடிப்போனார்கள். சிங்கம்புணரியிலிருந்து ஒருவர் போன் செய்து, "நேத்துத் திருத்தமே வரலையே, ஆபீஸ் லீவா?" என்று கவலையோடு விசாரித்தார்.

முதலீடு போடலாமென்று சென்னையிலிருந்து வந்தவர் இதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "தப்பை அழிச்சிட்டாப் போச்சு சார். எதுக்கு ஊருக்கெல்லாம் சொல்றீங்க?"

"அழிச்சா கம்ப்யூட்டர்ல இருந்து போயிரும். படிச்சவுக மண்டையில இருந்து போகுமா?"

காரைக்குடிக்கு வந்து மதியச் சாப்பாடு சாப்பிடாமலே திரும்பிப் போனவர் அந்தச் சென்னைக்காரர் ஒருவராகத்தான் இருக்கும்.

இனிச் சொல்லப்போவது சிரிக்கிற விஷயமில்லை. ஒரு நாள் சார் பெங்களூர் போயிருந்தார். கல்யாண மண்டபம் ஒன்றில் சாப்பிட்ட பலருக்கு வாந்தி என்று எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. எல்லாம் பலகாரத்தால் வந்தது என்றது அந்தக் குரல். பலகாரம் போட்டவர் சிவகாமி அக்கா. அதிரசமும் மணகோலமும் செய்து கொடுத்தே இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தவர். பழைய பத்திரிகைக்காரனுக்குக் கை பரபரத்தது. யாரிடமும் விசாரிக்காமல், அக்காவின் பெயரோடு போட்டுவிட்டேன். அன்றைக்கு ஊரிலேயே நாங்கள்தான் முதல்.

கோளாறு மண்டபத்துத் தண்ணீர்த் தொட்டியில் என்று சாயங்காலம் தெரிந்தது. படித்த போன்களுக்கெல்லாம் உடனே திருத்தம் போனது. ஆனால் செய்தியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். அது எங்கெங்கே போனது என்று அவருடைய ஏற்பாட்டுக்குத் தெரியாது.

சார் ஊர் திரும்பிய அன்று சிவகாமி அக்கா மாடி ஏறி வந்தார். சண்டை போடவில்லை.

"உங்க திருத்தம் எனக்கும் வந்துச்சு தம்பி. ஆனா தை மாசக் கல்யாண ஆர்டரு ஒவ்வொண்ணா வேணாம்னுட்டாக. அடுப்புப் பத்த வச்சு மூணு நாளாச்சு."

அக்கா படியிறங்கிப் போனார். சார் என்னிடம் கேட்டார்: "அண்ணே, நம்ம ஊர்ல கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்புல அனுப்புனா ஏத்துக்குவாகளா?"

"எங்க சார்? நேர்ல வந்து வச்சாத்தான் அழைச்ச மாதிரி."

"அப்ப இதையும் நேர்ல வைப்போம்."

திருத்தத்தை அட்டையில் அச்சடித்தார். அச்சகத்துக்காரர் பழக்கதோஷத்தில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்துவிட்டார். "இருக்கட்டும்" என்றார் சார். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், அவற்றின் மேல் திருத்தம். தாம்பாளம் என் கையில். ஆர்டர் வேண்டாமென்ற வீடுகள், அக்கம்பக்கத்து வீடுகள் என்று பன்னிரண்டு நாள் நடந்தோம்.

முதல் வீட்டு ஆச்சி தாம்பாளத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார். "வாங்க, வாங்க. யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்லை ஆச்சி. எங்க ஆப்புல சிவகாமி அக்காவைப் பத்தித் தப்பாப் போட்டுட்டோம். அதைச் சொல்ல வந்தோம்."

"அதுக்கா வெத்தலை பாக்கு?"

"நேர்ல வச்சாத்தானே ஆச்சி ஏத்துக்குவீக."

ஆச்சி கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசித்தார். பிறகு நிமிர்ந்தார். "ஒரு பொம்பளை பொழப்புல மண்ணள்ளிப் போட்டது யாரு?"

நான் தாம்பாளத்தில் சரிந்த வெற்றிலையை அடுக்க ஆரம்பித்தேன்.

"நான்தான் ஆச்சி" என்றார் அவர். "நான்தான் எழுதினேன்."

போன இடமெல்லாம் அதே கேள்வி வந்தது, அதே பதிலைச் சொன்னார். ஒரு வீட்டில் வாசலிலேயே நிற்க வைத்துத் திட்டினார்கள். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. தை பிறப்பதற்குள் முதல் வீட்டு ஆச்சியே ஆர்டரைத் திரும்பக் கொடுத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். அக்கா வீட்டில் அடுப்பு எரிந்தது.

அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான். அதையும் எனக்காகச் சொன்னார். அவர் மேல் எனக்கிருக்கும் பிரியத்தை எப்படிச் சொல்வதென்று இத்தனை நாளாகத் தெரியவில்லை. அவர் போடாமல் விட்ட திருத்தத்தை இங்கே நான் போடுகிறேன்: ஆச்சி, அதை எழுதியது அவர் இல்லை. நான்.