நோவாவின் பேழையில் பதினாலு ஆடுகள்

சேசு மரி சூசை துணை

மதிப்பிற்குரிய சிஸ்டர் அண்ணிக்கு,

ஆனி ரோஸ் தோத்திரம் சொல்லி எழுதுவது. மடத்தில் நீங்களும் மற்ற கன்னியர்களும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே முந்திரி பூத்திருக்கிறது, ஆடு குட்டி போட்டிருக்கிறது. இந்த இரண்டைத் தவிர வேறெதுவும் நன்றாக இல்லை. காரணம் என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி ஆண்ட்ரூஸ்.

போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் விவிலிய வினாடி வினா நடந்தது. தெருக் குடும்பங்கள் ஒன்றாகக் கூடி ஜெபிக்கிறோமே, அந்த அன்பியங்களுக்குள் போட்டி. ஜெயிக்கிறவர்கள்தான் இந்த வருஷம் திருவிழாத் தேரை ஜோடிக்கலாம். ஆறு வருஷமாக மேலத்தெருக்காரிகள்தான் ஜோடிக்கிறார்கள். மாதா முகமே தெரியாமல் பிளாஸ்டிக் பூவால் மூடிவிடுகிறார்கள். எங்கள் அணியில் நானும் பாத்திமா மேரியும். அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. மூன்று மாதம் அவள் முந்திரிக்கொட்டை உடைக்க உடைக்க, பக்கத்தில் உட்கார்ந்து விவிலியத்தின் தொடக்கநூல் முழுவதையும் நான் சத்தமாக வாசித்தேன். ஒருமுறை கேட்டால் போதும் அவளுக்கு. யாக்கோபின் பன்னிரண்டு பிள்ளைகளையும் பிறந்த வரிசையில் சொல்வாள். எனக்கு ஐந்தாவதிலேயே மூச்சு வாங்கும்.

நடுவர் உங்கள் தம்பி. ஓய்வு பெற்ற அறிவியல் வாத்தியார் கையில் மைக் கிடைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு அணியும் சமமாக இருந்தபோது கடைசிக் கேள்வி: நோவாவின் பேழையில் எத்தனை ஆடுகள் ஏறின? பாத்திமா மேரி முந்தானையைச் சொருகிக்கொண்டு எழுந்து, "பதினாலு சார்" என்றாள். உங்கள் தம்பி கையிலிருந்த கேள்வி-பதில் அட்டையைப் பார்த்தார். சிரித்தார். "ரெண்டும்மா! ஆண் ஒண்ணு, பெண் ஒண்ணு. இது என்ன, கொட்டை எண்ற கணக்கா?" மண்டபமே சிரித்தது. அவள் உட்காரவில்லை, அப்படியே வெளியே போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் விவிலியத்தோடு மேடையேறி தொடக்கநூல் ஏழாம் அதிகாரம் இரண்டாம் வசனத்தை வாசித்தேன். பலிக்குத் தகுந்த விலங்குகளில் ஏழு சோடி என்று ஆண்டவரே சொல்கிறார். ஆடு பலிக்குத் தகுந்ததா இல்லையா? ஏழு சோடி பதினாலா இல்லையா? பாதி வசனத்தில் மைக்கை அணைத்துவிட்டார் அண்ணி! "நடுவர் சொன்னா சொன்னதுதான், எறங்கு" என்றார், நூறு பேர் முன்னால், கட்டிய பெண்டாட்டியை! பங்குச் சாமியார் டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலத்தெருக்காரிகள் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து கேட்டால், "அட்டையில ரெண்டுன்னு இருந்துச்சு" என்கிறார். "அட்டைய எழுதுனது யாரு, மோசேயா?" என்றேன். வாயே திறக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் உங்கள் தம்பி பதில் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. திமிர்! நாலு நாளா நான் சமைக்கல. ஆண்டிமடம் கடைத்தெருவுக்குப் போயி புரோட்டா தின்னுட்டு வராரு. தின்னட்டும், வயிறு கெடட்டும். பாத்திமா மேரி செவ்வாய்க்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு வரல. வூட்டுக்கே போயிக் கூப்பிட்டேன். "எனக்கு எதுக்குக்கா அதெல்லாம், படிச்சவங்க பாத்துக்குங்க"ன்னுட்டா. அந்த வார்த்தை இன்னும் நெஞ்சுல குத்துது அண்ணி.

நாளைக் காலை பஸ்ஸில் உடையார்பாளையம் மகள் வீட்டுக்குப் போகிறேன். உங்கள் தம்பி பயப்படுவது உங்கள் ஒருவருக்குத்தான். போனில் கூப்பிட்டு நன்றாகத் திட்டவும். அந்த அட்டையை எழுதிய மகா மேதை யாரென்று விசாரித்து, அவரையும் முழந்தாள்படியிட வைக்கவும்.

மடத்துத் தாயாருக்கு என் வணக்கம். இன்றைய ஜெபமாலையில் என் பொறுமைக்காகவும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லவும்.

ஆண்டவரில் உங்கள் தம்பி மனைவி,
ஆனி ரோஸ்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் பங்குச் சாமியார் வந்துவிட்டார். அட்டைகளை எழுதியது நீங்களாம். மடத்திலிருந்து தபாலில் வந்ததாம். ஏன் சொல்லவில்லை என்று உங்கள் தம்பியைக் கேட்டால், "அக்கா எழுதுனது தப்புன்னு சபையில எப்படிடி சொல்றது?" என்று தரையைப் பார்க்கிறார். உலை வைத்துவிட்டேன், ஊருக்குப் போகவில்லை. ஆனால் சிரித்தது அவர்தானே? பாத்திமா மேரியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தால்தான் சோறு என்று அனுப்பியிருக்கிறேன். கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை, அப்படியே அனுப்புகிறேன். நீங்களும் அவளுக்கு உங்கள் கைப்பட ஒரு கடிதம் எழுதிவிடுங்கள், சிஸ்டர் அண்ணி. அவளுக்குத்தான் வாசிக்கத் தெரியாதே. ஞாயிறு பூசையில் அறிவிப்பு நேரத்தில், சபைக்கே கேட்கிற மாதிரி நான் வாசிக்கிறேன்.