கும்மாளத்தில் என் பெயர்

வீட்டில் ஒரு பொருளாவது என் பெயரில் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். கேஸ் புத்தகம், ரேஷன் கார்டு, வாசல் கேட் எல்லாமே என் மனைவி மாலா பெயரில்தான். அவள் புளியங்குடி எலுமிச்சை வாங்கி ஊறுகாய் போட்டு விற்கப் போவதாகச் சொன்னதும், என் நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். சங்கரன்கோவிலில் பிளக்ஸும் லேபிளும் அடிக்கும் கடை என்னுடையதுதானே!

"ஏட்டி, பாட்டில்ல 'பேச்சிராஜா ஊறுகாய்'னு போடுவோம். ராஜான்னு இருந்தா ஒரு கெத்துல்லா?"

"ஊறுகாய் போடுதது நானு. பேரு உங்களுதா?"

"லேபிள் போடுதது யாரு?"

கொஞ்சம் யோசித்தாள். "சரி, உங்க பேரே இருக்கட்டும். ஆனா கும்மாளத்துலதான் போடணும்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. கும்மாளம் என்கிற ஃபான்ட் என் கம்ப்யூட்டரின் செல்லப்பிள்ளை. குண்டு எழுத்து. எழுத்துக்கு எழுத்து தொப்பை. சுழியெல்லாம் ஜாங்கிரி. கால்கள் தரையில் நிற்காது, ஆடும். காதுகுத்துக்கும் பரோட்டாக் கடைக்கும் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் கண்ணீர் அஞ்சலிக்கு ஆகாது; அதில் அடித்தால், 'வாங்க, சாப்பிட்டுப் போங்க' என்று செத்தவரே கூப்பிடுவது போல இருக்கும்.

அன்றைக்கே அச்சடித்து ஒரு பாட்டிலில் ஒட்டினேன். மாலா அதை வாசலில் வைத்தாள். பக்கத்து வீட்டு ஹெலன் குனிந்து பார்த்தாள்.

"இதென்ன அண்ணாச்சி, 'ச்சி ஊறுகாய்'?"

பதறிப் போய்ப் பார்த்தேன். 'பே' இடது பக்கம் ஒதுங்கிவிட்டது. 'ராஜா' பாட்டிலின் முதுகில் போய் ஒளிந்துகொண்டார். நேரே நின்று பார்த்தால், கீழ்வரி 'ஊறுகாய்'க்கு மேலே 'ச்சி' மட்டும் தொப்பையைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது.

"எழுத்தைக் கொஞ்சம் நசுக்கிருதேன்" என்றேன்.

"கும்மாளத்த இழுக்கவும் கூடாது, நசுக்கவும் கூடாதுன்னு கடைக்கு வாரவுககிட்ட நீங்கதான சொல்லுவிய?"

"அப்ப வேற எழுத்துல போடுதேன்."

"கும்மாளம் இல்லாட்டி யாரு திரும்பிப் பாப்பா? நீங்க சொன்னதுதான்."

தொழில் ரோஷம் வந்துவிட்டது எனக்கு. "இங்க பாரு, குத்தம் எழுத்துல இல்ல. அஞ்செழுத்துப் பேருக்கு இது தாங்காது. ரெண்டெழுத்துப் பேரு இருந்தா கொண்டா, ஜம்முனு உக்காத்தி வைக்கேன்!"

ஹெலன் விரலை மடக்கினாள். "மா... லா..."

அப்புறம் நான் கடைக்குப் போய், என் கையாலேயே 'மாலா ஊறுகாய்' என்று அடித்தேன். பாவி எழுத்து, அவள் பெயரில் எவ்வளவு அழகாக ஆடியது தெரியுமா! எழுத்து மட்டும்தான் போல்டு. அடித்தவன் இல்லை.

"எம்பேரு எங்கனயாவது இருக்கணும்லா?" என்று கடைசியாகக் கெஞ்சிப் பார்த்தேன்.

"ஏன் இல்லாம? கீழ ஒரு வரி போட்டுக்கிடுங்க. உங்க நம்பரோட" என்று வாசகத்தையும் அவளே சொன்னாள்.

பாட்டில்கள் கடைகளுக்குப் போயின. ராயகிரியிலிருந்து முதல் போன் வந்தது. பெருமையாக எடுத்தேன்.

"ஹலோ, 'புகார்களுக்கு: பேச்சிராஜா'வா? ஏன் வே, ஊறுகாயில உப்பு போட்டியளா, இல்ல உப்புல ஊறுகாய் போட்டியளா?"