ஆண்டவருக்கு விட்ட ஓடைக்கரை ஏக்கர்

கர்த்தருக்குள் பிரியமான தம்பி டால்மஸுக்கு, அண்ணன் ஹோபர்ட் சொல்ல, அண்ணி லியோட்டா எழுதுவது. எனக்கு எழுத்து வராது, ஞாபகம் மட்டும் வரும். இங்கே நாங்களும் கோவேறு கழுதைகளும் சுகம். டெட்ராய்ட்டில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அவர் கிருபை செய்யட்டும்.

நிற்க. ஆண்டவருக்குச் சேற்று நிலத்தைத் தள்ளிவிட்டு, அது விளைந்ததும் அழுகிறேனாமே என்று எழுதியிருந்தாய். நான் அழவில்லை. இந்த வருஷம் யார் கையிலும் காசில்லாததால், காணிக்கைக்குப் பதில் ஆளுக்கொரு ஏக்கர் விளைச்சலை ஆண்டவருக்கு விடச் சொன்னார்கள் சபையில். சபை நடுவில் எழுந்து நின்று ஓடைக்கரை ஏக்கர் என்றேன், 'ஆண்டவருடைய ஏக்கர்' என்று சபையில் கொடுத்த பலகையையும் அங்கே நட்டேன். அங்கே தவளைதான் விளையும், ஒத்துக்கொள்கிறேன். எனக்கு வேலை குறைவு, அவருக்குப் பொறுமை அதிகம். ஆனால் மழை வரவில்லை. அப்பா காலத்து வறட்சியில் வாளி கிணற்றுத் தரையில் இடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கு. இது அதைவிட மோசம். மேட்டில் என் மக்காச்சோளம் மொத்தமும் கருகிப்போச்சு, ஓடை ஈரத்தில் ஆண்டவருடையது என் தொப்பிக்கு மேலே நிக்குது. பக்கத்துக்காட்டு வெர்லின் வந்து, "பலகையப் பிடுங்கி மேட்டுல நட்டுடு, அவரு கண்டுக்க மாட்டாரு" என்றான். நான் மாட்டேன் என்றேன். அவன் பசு ஆண்டவர் ஏக்கரில் புகுந்ததால் என் காட்டு வேலியைப் பிடுங்கி அங்கே கட்டினேன். காக்கைக்குப் பொம்மை வைத்து சபைக்குப் போட்டுப் போகும் என் ஒரே கோட்டை மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் சம்சாரம் பொம்மைக்குக் கை காட்டி நலம் விசாரித்துவிட்டு, வெறும் சட்டையோடு பின்னால் வந்த என்னை யாரென்று கேட்டாள்.

கடைசியில் பாஸ்டர் ப்ரூயிட்டே வந்து, "குளிர்காலத்துக்கு என்ன செய்வீங்க? பாதிய வச்சுக்குங்க, ஹோபர்ட்" என்றார்.

"நீங்க அவரோட ஆளு, பாஸ்டர், அவரில்ல. நான் வாக்குக் கொடுத்தது அவருக்கு."

"அப்போ ராத்திரிச் சாப்பாட்டுக்கும் அவருகிட்டயே சொல்லிடுங்க" என்றாள் உன் அண்ணி. இதை நான் எழுதச் சொல்லவில்லை.

நேற்று சபை லாரி வந்து எல்லாவற்றையும் ஏற்றிப் போச்சு. ஒரு கதிரைக்கூட வீட்டுக்குள் விடவில்லை. டர்னிப் கிழங்கைத் தின்று கிடப்போம். சொன்ன சொல் சொன்னதுதான்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். அவர் உங்களைக் குறைவில்லாமல் நடத்துவார்.

இப்படிக்கு,
அண்ணன் ஹோபர்ட்

பின்குறிப்பு: படித்துக் காட்டும்போது, அந்த ஏக்கர் யார் பாகம் என்று அண்ணி கேட்டாள். அப்பா பாகம் பிரித்தபோது ஓடைக்கு இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் உனக்கு என்றார். பிறகு பெரிய வெள்ளத்தில் ஓடை தடம் மாறிச்சு. அதற்கு முன்னால் அந்த ஏக்கர் உன் பக்கம்தான் கிடந்தது. எனக்கு நல்லா ஞாபகமிருக்கு. ஆக, நிலம் உன்னுடையது, காணிக்கை கொடுத்ததும் நீ. சபையில் உன் பேரைச் சொல்லச் சொல்கிறேன், சம்மதம் என்று ஒரு வரி போடு. என்னுடையது இன்னும் பாக்கி. நாளைக்கே மேட்டில் நல்ல ஏக்கராகப் பார்த்துப் பலகை நடுகிறேன். இதற்கு மேல் ஒரு எழுத்தும் எழுத முடியாது என்கிறாள் உன் அண்ணி.