சம்பந்தியம்மாவின் ஸ்கூட்டருக்குத் துகள் தேடிய கதை

பெருமதிப்புக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தங்கள் மாப்பிள்ளையின் தகப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் பிள்ளையும் தங்கள் மகளும் சௌக்கியம். தங்கள் காலில் போட்ட மாவுக்கட்டை அடுத்த வாரம் அவிழ்க்கிறார்களாம். மருமகள் சொன்னதிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

"கட்டு அவுந்ததும் என் ஸ்கூட்டர்ல ஒரு சுத்து சுத்தணும்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் சொன்னபோது, "துருவெல்லாம் எடுத்துப் புதுசாக்கித் தர்றது என் பொறுப்பு" என்று வாயைக் கொடுத்தவன் நான். நீங்களும் "எங்க வீட்டுக்குக் கீழே வண்டி நிறுத்துற இடத்துல உறை போட்டு நிக்குது, எடுத்துட்டுப் போங்க. சாவி மட்டும் கேக்காதீங்க, தொலைஞ்சு போச்சு" என்றீர்கள். அன்றே குட்டி வேனில் ஏற்றி வந்துவிட்டேன். தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வாங்கிய பெட்டி ஒன்று என் பின்பக்கக் கொட்டகையில் உண்டு. இரும்புப் பெட்டி, மேலே கண்ணாடி, உள்ளே தொங்கும் இரண்டு ரப்பர் கையுறைகள். அவற்றில் கையை நுழைத்து, கம்ப்ரசர் காற்றோடு துகளைப் பீய்ச்சி அடித்தால் துருவும் பெயிண்டும் பறந்துவிடும். எந்தத் துகள் என்பதில்தான் ஏழு வாரம் போனது.

முதலில் மணல்தானே என்று, பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் இரண்டு வாளி கேட்டு வாங்கி, சலித்து, மொட்டை மாடியில் காயவைத்து, பெட்டியில் கொட்டப் போகும்போது தங்கள் மகள் ஓடி வந்து வாளியைப் பிடுங்கினாள். "மாமா, மணலை மட்டும் அடிக்காதீங்க. அந்தத் தூசி நுரையீரல்ல போய் உக்காந்தா எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது" என்றாள். ஒரு முகமூடியும் வாங்கிக் கொடுத்தாள். தங்கமான பெண். அடுத்து வால்நட் ஓட்டுத்தூள் நல்லது என்று எங்கோ படித்துவிட்டு, கூண்டில் பரப்புவதற்காக அது செல்லப் பிராணிக் கடையில் கிடைக்கும் என்று அங்கே போனால், கடைக்காரர் "பாம்பா, உடும்பா சார்? எது படுக்கறதுக்கு?" என்கிறார். "ஸ்கூட்டர்" என்றேன். கடைப் பையனைக் கூப்பிட்டு என்னைக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார். அந்தத் தூளை நாள் முழுக்க அடித்ததில் எண்ணெய்ப் பிசுக்கு போயிற்று, அழுக்கு போயிற்று, துரு மட்டும் குளித்துத் தலைவாரியது போல உட்கார்ந்திருந்தது.

சரி, துரு எடுக்கக் கண்ணாடி மணியும் அடிப்பார்களாமே என்று போனில் ஆர்டர் போட்டேன். வந்தது, ஏழு நிறத்தில், ஒவ்வொன்றிலும் நூல் கோக்க ஓட்டையோடு! வாங்கியதை வீணாக்குவானேன் என்று ஒரு கைப்பிடி போட்டேன். நுனிக்குழாய் அடைத்து, காற்றுக்குழாய் கழன்று, கொட்டகை முழுக்கத் துள்ளி ஆடி, வெளியே பாய்ந்து, கொடியில் காய்ந்த பக்கத்து வீட்டு வேட்டியைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் அடங்கியது. பிள்ளை மாடியிலிருந்து "அப்பா, வீட்டையாவது விட்டு வைங்க!" என்று கத்தினான். மிச்ச மணியில் மருமகள் மாலை கோத்துக்கொண்டாள், நன்றாகவே இருக்கிறது.

வெட்கத்தை விட்டு, கதவுக் கண்ணாடியில் பூ வேலை செய்கிறவரின் பட்டறைக்குப் போனேன். அவரும் இதே போலப் பெட்டியில்தான் அடிக்கிறார். என் கதையைக் கேட்டுச் சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இரும்புக்கு இதுதான் சார்" என்று அலுமினியம் ஆக்சைடு என்ற பழுப்புத் துகளைக் கையில் கொட்டினார். "இன்ஜின் மூடி மாதிரி மெத்துனு இருக்கற உலோகத்துல இதை அடிச்சா தின்னுடும். அதுக்குப் பொடிக் கண்ணாடி மணி, ஓட்டை இல்லாதது, நானே தர்றேன். அடிச்சதைச் சலிச்சு மறுபடி போடுங்க, வீணாகாது." தனக்கு வரும் சரக்கோடு எனக்கும் ஒரு மூட்டை வரவழைத்துக் கொடுத்தார். சம்பந்தியம்மா, சக்கர வளையத்தில் முதல் வீச்சு பட்டதும் துரு விலகி, சாம்பல் நிறத்தில் சுத்தமான இரும்பு எட்டிப் பார்த்ததே, ஒரு நிமிடம் கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். இன்னொன்று. பச்சைக்கு அடியில் சிவப்பும், அதற்கடியில் மஞ்சளும் வந்தன. 'புத்தம் புதுசா ஷோரூம்லேருந்து நானே ஓட்டிட்டு வந்தேன்' என்று தாங்கள் சொல்வதை நான் முழுமனதோடு நம்புகிறேன். மருமகளிடம் மூச்சு விடவில்லை.

வண்டி புதுப் பெயிண்டில் வாசலில் நிற்கிறது. தாங்கள் திடமாக நடந்து வந்து ஏறி உட்கார வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, தங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பி.கு: கடிதத்தை ஒட்டப் போகும்போது, நம்பர் பலகையை மாட்ட வந்த மருமகள் அதிலிருந்த நம்பரைப் பார்த்துவிட்டு, "மாமா, இது அம்மா வண்டியே இல்ல. கீழ் வீட்டு தையல்காரரோடது. அம்மா வண்டியும் பச்சைதான், ஆனா தூணுக்கு அந்தப் பக்கம்ல நிக்கும்!" என்றாள். தையல்காரருக்குப் போன் போட்டேன். "யாராவது திருடிட்டுப் போக மாட்டாங்களான்னு நாலு வருஷமா காத்திருந்தேன் சார், காணோம்னதும் சந்தோஷமா இருந்தேன்" என்றவர், நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்ததும் "எப்ப கொண்டு வர்றீங்க?" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன். திரும்பும்போது தங்கள் வண்டியை ஏற்றிக்கொள்வேன். மூட்டையில் முக்கால்வாசி இருக்கிறது, கையும் பழகிவிட்டது. தாங்கள் நடந்து பழகுவதற்குள் முடித்துவிடலாம். ஜன்னலோரம் உட்கார்ந்து, எது தங்கள் வண்டி என்று மட்டும் கை காட்டுங்கள்.