எழுதியவர் பெயர் தெரியாத நிருபம்

முன்னொரு காலத்தில் என்று ஆரம்பிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் இது நடந்து அத்தனை காலம் ஆகவில்லை. மூன்று பக்கம் கடலும் நாலாவது பக்கம் அரசாங்கமும் சூழ்ந்த கோரைமுனை என்றொரு நாடு. அதன் குடிகள் கிறிஸ்தவர்கள். அவர்களுடைய கோயிலில் வேதம் ஒரே தடித்த புத்தகமாக இருந்ததில்லை. அறுபத்தாறு கட்டுகளாக அறுபத்தாறு வீடுகளில் இருந்தது.

மீனவர் எழுதியதாகச் சொல்லப்பட்டது மீனவர் தெருவில் இருந்தது. வைத்தியர் எழுதியது வைத்தியர் வீட்டில். கூடாரம் தைத்த ஒருவர் சிறையிலிருந்தும் வழியிலிருந்தும் எழுதிய கடிதங்களான நிருபங்கள், படகுப் பாய் தைப்பவர்களிடம். ஞாயிற்றுக்கிழமை எந்தப் பகுதியின் முறையோ, அந்த வீட்டார் கட்டைக் கொண்டுவந்து தங்கள் குரலிலேயே வாசிப்பார்கள். மீனவர் யோனா வாசித்தால், கடற்காற்றை எதிர்த்துக் கத்திப் பழகிய அந்தக் குரலுக்குக் கோயில் புறாக்கள் எழுந்து பறந்துவிடும். வைத்தியர் வீட்டம்மா மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசிப்பார்.

இதையெல்லாம் யார் எழுதினார்கள் என்று பிள்ளைகள் கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். "மேல இருந்து சொன்னாங்க, கீழ இருந்தவங்க எழுதினாங்க." அதற்கு மேல் யாரும் குடைந்ததில்லை.

ஒரு நிருபத்தில் மட்டும் எழுதியவர் பெயரே இல்லை. எந்தத் தெருவும் அதை எங்களுடையது என்று கேட்க முடியவில்லை. ஒரு பெருநாள் காலையில் கோயில் படியில் யாரோ விட்டுப்போன பெண்குழந்தையை ஊரார் எடுத்து வளர்த்து, தொற்காள் என்று பெயர் வைத்து, அவள் வாசிக்கக் கற்றதும் அந்த நிருபத்தை அவளிடம் கொடுத்தார்கள். பெற்றவர் தெரியாதவளுக்கு எழுதியவர் தெரியாத நிருபம். அதன்பிறகு யாரும் அவளை எந்த வீட்டுப் பெண் என்று கேட்கவில்லை. நிருபத்து வீட்டுப் பெண் என்றார்கள். அவள் துணி தைத்துப் பிழைத்தாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கூடாரம் தைத்தவர் சொல்லச் சொல்ல ஒரு நிருபத்தை எழுதிக்கொடுத்த ஆள், கடைசியில் தன் பெயரையும் போட்டு, எல்லோருக்கும் ஒரு வரி வாழ்த்துச் சொல்லியிருக்கிறார். அந்த வரி வந்ததும் சபை முழுதும் எழுந்து நின்று, "உமக்கும் வணக்கம்" என்று பதில் சொல்லும். சின்ன வயதில் அந்த ஒரு வரிக்காகவே நான் தூங்காமல் உட்கார்ந்திருப்பேன்.

இப்படி இருக்கையில், அண்டை நாட்டுத் தூதர் ஒருவர் விருந்தில் வாய் தவறிக் கேட்டுவிட்டார்: "உங்கள் வேதத்தை எழுதியவர் யார்?" பந்தியில் இருந்த அறுவர் ஆறு விதமாகப் பதில் சொன்னார்கள். நாங்கள் வாக்குப் போட்டு உட்காரவைத்த மாமன்னர் ஏகவாணருக்கு முகம் சிறுத்துவிட்டது. மறுநாளே மூல ஆராய்ச்சித் துறை என்று ஒன்று பிறந்தது. பரஞ்சோதியார் அதன் அமைச்சரானார். முதல் ஆணை வந்தது: ஒவ்வொரு பகுதிக்கும் ஆசிரியர் பெயர், தகப்பன் பெயர், கையொப்பம் வேண்டும்.

யோனாவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

"உம்முடைய மீனவர் எழுதப் படிக்கத் தெரிந்தவரா?" என்றார் அமைச்சர்.

"வலை பின்னத் தெரியும் ஐயா. அவரு சொல்லியிருப்பாரு, கூட இருந்தவரு எழுதியிருப்பாரு."

அமைச்சர் நெடுநேரம் கண்ணை மூடி யோசித்தார். அந்த யோசனையிலிருந்து இரண்டாம் ஆணை பிறந்தது: சொன்னவர் ஆசிரியர் ஆகார், பேனா பிடித்தவரே ஆசிரியர்.

"நீர் கூட இருந்தவருடைய வாரிசா?"

"இல்லைங்களே."

"வேதக் கட்டை இந்த மேசைமேல் வைத்துவிட்டுப் போம்."

அடுத்த ஞாயிறு மீனவர் தெருவின் முறை. யாரும் வாசிக்கவில்லை. புறாக்கள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தன.

மூன்றாம் ஆணை பாட்டுகளைப் பற்றியது. வேதத்தில் உள்ள நூற்றைம்பது பாட்டுகளில் பலவற்றை ஓர் அரசர் பாடினார் என்பார்கள், சிலவற்றைக் கோயில் பாடகர்கள். மிச்சம் யாருடையவை என்று தெரியாது. தெரியாதவற்றைப் பாடக் கூடாது என்றது ஆணை. அந்த மாதம் யோனாவின் மனைவி இறந்துபோனாள். அவளுக்குப் பிடித்த பாட்டு தெரியாதவற்றில் ஒன்று. கல்லறை வரைக்கும் வாய்மூடி நடந்தார்கள். தன்னையறியாமல் முணுமுணுத்துவிட்ட ஒரு கிழவரைக் காவலர்கள் பாதி வழியில் இழுத்துப் போனார்கள்.

பிறகுதான் தொற்காளின் முறை வந்தது.

"இந்த நிருபத்தை எழுதியவர் யார்?"

"தெரியாது ஐயா."

"நீ யார் பெற்ற பிள்ளை?"

"அதுவும் தெரியாது ஐயா."

"இரண்டும் தெரியாமல் இத்தனை காலம் எப்படி இருந்தாய்?"

"நல்லாத்தான் இருந்தேன். பேர் போடாதவங்க, பேர் வேண்டாம்னு நெனச்சிருப்பாங்க ஐயா. சேதி வந்து சேர்ந்துடுச்சே."

"பெயர் வேண்டாமென்று நினைக்கும் ஒருவர் இந்த உலகில் இருக்க முடியாது," என்றார் அமைச்சர். தன் பெயர் பொறித்த மோதிரத்தைத் துடைத்துக்கொண்டு, நான்காம் ஆணைக்குப் பரிந்துரைத்தார். மூலம் தெரியாத எதுவும் எவரும் நாட்டில் இருக்கலாகாது. நிருபம் எரிக்கப்படும். தொற்காள் பெருநாளுக்குள் துடுப்பில்லாத படகில் ஏற்றப்படுவாள்.

மாமன்னர் ஆணைகளைச் சொல்வார், எழுதமாட்டார். சாய்ந்தபடி சொல்வதை மூன்றாம் நிலை எழுத்தன் ஒருவன் எழுதுவான். அரசர் வாசிக்காமலே முத்திரை குத்துவார். அந்த எழுத்தன் ஞாயிறுதோறும் கோயிலில் தொற்காளுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்து அவள் வாசிப்பதைக் கேட்டு வளர்ந்தவன். நான்காம் ஆணையை எழுதி முடித்ததும் அவன் கை நிற்கவில்லை. அடியில் ஒரு வரி சேர்த்தான்: 'இந்த நான்கு ஆணைகளையும் என் கையால் எழுதிய மூன்றாம் நிலை எழுத்தன், தொற்காளுக்கு வாழ்த்துச் சொல்கிறேன்.' முத்திரை அதன் மேலேயே விழுந்தது.

சந்தைத் திடலில் தண்டோராக்காரர் ஆணையை முழுக்க வாசித்தார். வாசிப்பது அவர் வேலை, யோசிப்பது அல்ல. கடைசி வரி வந்ததும், பழக்க தோஷம், திடலில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று, "உமக்கும் வணக்கம்" என்றார்கள். தொற்காள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். திடலுக்கு வந்திருந்த அமைச்சரைப் பார்த்து யோனாதான் முதலில் வாய் திறந்தார்.

"ஐயா, பேனா பிடிச்சவர்தானே ஆசிரியர்? அப்போ இந்த ஆணையெல்லாம் மூணாம் நிலை எழுத்தர் போட்டதா? அவருக்கு ஏது அதிகாரம்?"

பரஞ்சோதியாருக்கு வியர்த்துவிட்டது. அரசவை மூன்று நாள் கூடியது. நான்காம் நாள் மாமன்னர் உப்பரிகைக்கு வந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"என் மக்களே, உங்களைப் போல நாமும் இந்த ஆணைகளால் மனம் நொந்தோம். இவற்றை எழுதிய கொடியவனைக் கண்டுபிடித்துவிட்டோம். எல்லாம் ரத்து."

கட்டுகள் வீடு திரும்பின. படகு கரையிலேயே நின்றது. மக்கள் மாமன்னருக்கு மாலை போட்டார்கள். அடுத்த தேர்தலில் அவரே மறுபடியும் வந்தார், முன்னைவிட அதிக வாக்குகளோடு. பரஞ்சோதியாருக்கு ஆசிரியரைக் கண்டுபிடித்ததற்கான விருது கிடைத்தது.

எழுத்தனுக்குக் கடற்கோட்டைச் சிறையில் ஆயுள். அங்கே ஞாயிற்றுக்கிழமை காற்று சரியாக இருந்தால் யோனாவின் குரல் லேசாகக் கேட்கும். வார்த்தைகள் புரியாது. புறாக்கள் எழுவது மட்டும் சன்னல் வழியே தெரியும். அந்த நேரத்தில் நான் எழுந்து நின்றுகொள்வேன்.

ஆம், அந்த எழுத்தன் நான்தான். இதைத் துணிச்சலாகச் சொல்கிறேன். ஏனென்றால் எதையும் கடைசி வரைக்கும் வாசிக்கும் பழக்கம் அரசாங்கத்துக்குக் கிடையாது. சிறைக்காரர்களின் கிழிந்த சட்டைகள் தைப்பதற்குத் தொற்காளிடம்தான் போகின்றன. அவற்றில் ஒன்றின் மடிப்பில் இந்தத் தாள்களையும் வைத்து அனுப்புகிறேன். பெயர் போடவில்லை. அவள் தன் நிருபத்தோடு சேர்த்து இதையும் வைத்துக்கொள்வாள். யாராவது ஒரு காவலர் முதல் தாளை மட்டும் புரட்டிவிட்டு, இதை எழுதியவர் யார் என்று கேட்பார்.

"தெரியாது ஐயா," என்பாள். முதல் தடவையாக அது பொய்யாக இருக்கும்.